முப்பத்தேழாம் நம்பர் புட்டி

விடியுமுன்பே உலைக் கசடு அள்ளும் வேலை எங்களுக்கு. கும்மிடிப்பூண்டி இரும்பு உருக்காலையின் பின்பக்கம், சூடு அடங்காத கசடைக் கம்பியால் கிளறி, இரும்புத் துண்டு பொறுக்கி, மிச்சத்தைக் கூடையில் சுமந்து கொட்ட வேண்டும். காறித் துப்பினால் எச்சில் கறுப்பாக வரும். இதை யார் மூஞ்சியில் துப்பலாம் என்று தினமும் யோசிப்பேன்.

மேஸ்திரி குப்புராஜ் புது ஆளுக்குப் புது டோக்கன் தரமாட்டான். வேலைக்கு வராதவளின் டோக்கனை வாங்கி, வந்தவள் கழுத்தில் மாட்டிவிடுவான். புது டோக்கன் அடித்தால் கம்பெனிக் கணக்கில் ஆள் கூடிவிடுமாம். தூ! ஞானம்மா பிள்ளை பெற்று, ரத்தம் சுண்டிப் படுத்திருந்தாள். அவளுடைய முப்பத்தேழாம் நம்பர் பித்தளை வில்லையோடு புதிதாக வந்த கன்னியம்மா கசடு அள்ளினாள்.

கம்பெனி மருந்து ஜன்னலிலும் நாங்கள் வெறும் நம்பர்தான். டாக்டர் சீட்டில் பேர் இருக்காது. கம்பவுண்டர் துளசிராமன் டோக்கன் நம்பரைத் துண்டுக் காகிதத்தில் எழுதிப் புட்டியில் ஒட்டி வைப்பார். நம்பரைச் சொன்னவர் கைக்குப் புட்டி வரும்.

அன்றைக்கு ஈரம் பட்ட கசடு வெடித்துக் கன்னியம்மாவின் காலில் தெறித்தது. சதை வெந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. டாக்டர் மேலே தடவ மருந்து எழுதினார். துளசிராமன் அதைக் கலக்கி, முப்பத்தேழு என்று ஒட்டி வைத்தார். கன்னியம்மா நொண்டி நொண்டி ஜன்னலுக்கு வருவதற்குள் ஞானம்மாவின் புருஷன் தாவீது வந்துவிட்டான். பெண்டாட்டியின் சத்து மருந்துக்கு வந்தவன் "முப்பத்தேழு" என்றான். தடவும் மருந்து அவன் கைக்குப் போயிற்று. ஞானம்மா அதைக் குடித்துவிட்டாள். வாயும் தொண்டையும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

மறுநாள் மானேஜர் எங்களையும் தாவீதையும் ஆபீஸ் வாசலுக்கு அழைத்தார். எங்கள் வியர்வை நாறுகிறதாம், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு அவருடைய சென்ட்டுதான் குமட்டியது.

"திருட்டு டோக்கன்ல உள்ள வந்திருக்கே. ஒத்துக்கிட்டு இந்தக் காகிதத்துல கைநாட்டு வச்சிட்டுப் போ" என்றார் கன்னியம்மாவிடம்.

"திருட்டா? மேஸ்திரிதான சார் கழுத்துல மாட்டிவுட்டாரு!"

குப்புராஜ் வானத்தைப் பார்த்தான். கைநாட்டு வைத்தால் போலீஸ் அவளை இழுத்துப்போகும், கம்பெனி கை கழுவிக்கொள்ளும்.

"ஏன் சார், புட்டி மேல பேரு எழுதினா மை தீந்துபூடுமா?" என்றேன்.

"உங்க பேரையெல்லாம் எவன் ஞாபகம் வச்சுக்கறது?"

சொல்லிவிட்டுத் தாவீதின் பக்கம் திரும்பினார். "உன் பெண்டாட்டியைச் சாகடிக்கப் பாத்தவ இவ. புகார் குடு. ஆஸ்பத்திரி செலவைக் கம்பெனி பாத்துக்கும்."

தாவீது தலையாட்டினால் கன்னியம்மா கதை முடிந்தது. அவன் ராத்திரியெல்லாம் தூங்காதவன், கண் ரத்தமாய்ச் சிவந்திருந்தது.

"அண்ணா, நா வேணும்னு..." என்று கன்னியம்மா அழுதாள்.

"நீ இன்னாத்துக்கும்மா அழுவுற?" என்ற தாவீது மானேஜரைப் பார்த்தான். "டோக்கன எங்கையால நாந்தான் மேஸ்திரிகிட்ட குடுத்தேன். குடுக்கலன்னா ஞானம்மாவுக்கு வேலை இல்லன்னு மெரட்டினான். இவ திருடின்னா நானும் திருடன். என்னையும் சேத்து எழுதிக்க."

நான் என் டோக்கன் வில்லையைக் கழற்றி, வாசலில் நின்றபடியே மானேஜரின் மேசை மேல் எறிந்தேன். அடுத்து எங்களோடு கசடு அள்ளும் ஆசீர்வாதம் எறிந்தான். பிறகு ஒருவரும் பாக்கியில்லை.

"பேரு போட்டு டோக்கன் வேணும், பேரு போட்டு மருந்து வேணும். அதுவரைக்கும் கசடு அங்கியே கெடக்கட்டும்" என்றான் ஆசீர்வாதம்.

மானேஜர் உள்ளே போய் போலீசுக்கு போன் சுழற்றினார். தாவீது கன்னியம்மாவைத் தாங்கிப் பிடித்து மருந்து ஜன்னலுக்கு நடத்திப்போனான். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம்.

"கம்பவுண்டரய்யா, மொதல்ல இவ காலுக்கு மருந்து குடுங்க."

துளசிராமன் ஆபீஸ் பக்கம் பார்த்தார். மருந்தைக் கலக்கினார். துண்டுக் காகிதத்தில் எழுதிப் புட்டியில் ஒட்டி நீட்டினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. இன்னா எழுதினீங்க?" என்றான் தாவீது.

போலீஸ் வண்டி வாசலில் வந்து நின்றது. ஆபீஸ் வரைக்கும் கேட்கிற மாதிரி துளசிராமன் உரக்கப் படித்தார்.

"கன்னியம்மா. மேலே தடவ."