குதிரையா, சூலமா

"சிவப்பு," என்றார் அவர்.

"நீலம்," என்றாள் மகள், போனில்.

"ஓட்டப்போறது நீயா?"

"நீங்கதான் ஓட்டப்போறீங்க. ஆனா பக்கத்துல அம்மா உக்காரணுமேப்பா. அந்தச் சிவப்பு வண்டி தரையோட தரையா கிடக்கு. உள்ள உக்காந்தா வெளிய எடுக்க ரெண்டு ஆள் வேணும்."

"உங்கம்மாவ எடுக்க நான் ஒருத்தன் போதும்."

"யாரும் என்னை எடுக்க வேண்டாம்," என்றேன் நான், துணி மடித்துக்கொண்டே.

ஒரு வாரமாக எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். என் கணவருக்கு அறுபத்தைந்து முடிந்தது. முடிந்த கையோடு ஓட்டுநர் உரிமத்தை இன்னும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்து வாங்கி வந்து, சாப்பாட்டு மேஜையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பாத்தியா? எழுபது வரைக்கும் என்னை யாரும் அசைக்க முடியாது."

"சந்தோஷம். தட்டை நகர்த்துங்க."

"சிரிக்காத. இந்தக் கார்டு இல்லன்னா நான் யாரு சொல்லு? ரெண்டாவது மாடியில குடியிருக்கற வழுக்கைத்தலை. அவ்வளவுதான்."

விளையாட்டாகச் சொல்வது போலத்தான் சொன்னார். விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருஷமாக நாங்கள் இருவரும் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறோம். ஊருக்கு அவர் மாஸ்டர், நான் டீச்சர். மேயர் வந்தாலும் டாக்டர் வந்தாலும் எங்கள் ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போது கை நடுங்கத்தான் செய்யும். அந்த மரியாதையில்தான் மனுஷர் நிமிர்ந்து நடக்கிறார்.

உரிமம் வந்ததைக் கொண்டாட மகளும் மருமகனும் சேர்ந்து கொடுத்த பரிசு இது: கூரை திறக்கும் இத்தாலி ஸ்போர்ட்ஸ் கார், ஒரு நாள் வாடகைக்கு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை. வாடகைக் கடையில் அந்த மாதிரி இரண்டு நின்றன. ஒன்று சிவப்பு, மூக்கில் குதிரைச் சின்னம். இன்னொன்று கருநீலம், மூக்கில் சூலம். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

எங்களுக்கென்று தனியாக ஒரு வண்டி வாங்கியதே கிடையாது. கல்யாணத்துக்குப் போனாலும் காய்கறிக்குப் போனாலும் கிளாசிலிருந்து ஓய்வு கொடுத்த ஸ்கூலின் பழைய வண்டிதான், கூரைமேல் பெயர்ப்பலகையோடு.

"பலகை இல்லாம ஒரு நாள், டீச்சர்," என்றார் கடைக்குப் போகும் வழியில். "பலகைய விடு, கூரையே இல்லாம."

கடையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் சாவிகளோடு காத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் கண் விரிந்தது.

"சார், நீங்க மாஸ்டர்தானே? எங்கண்ணன் உங்ககிட்டதான் கத்துக்கிட்டான். திட்டுவீங்கன்னு பயந்து முதல் நாள் வயித்துவலின்னு படுத்துக்கிட்டான்."

"இப்ப ஒழுங்கா ஓட்டறானா?"

"ஓட்டறான் சார். இன்னும் கண்ணாடி பாக்காம வண்டிய எடுக்க மாட்டான்."

"அது!" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் சிவப்பு வண்டியின் பொத்தானை அழுத்தினாள். கூரை தானாக மடிந்து, பின்னால் ஒரு பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அவர் வாயைத் திறந்தபடி நின்றார். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த முகத்தை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று மகள் பிறந்த அன்று.

"பின் தெருவழியா ஒரு சின்ன ரவுண்டு போயிட்டு வாங்க சார். ரெண்டுலயும் போங்க. எது பிடிக்குதோ அதை நாள் பூரா வச்சுக்கலாம். மத்தவங்கன்னா நான் இதுக்கு விடமாட்டேன். மாஸ்டருக்கு இல்லன்னா யாருக்கு?"

"முதல்ல குதிரை," என்றார் அவர்.

நான் இறங்கினேன். ஏறினேன் என்று சொல்ல முடியாது. குழிக்குள் இறங்குகிற மாதிரிதான் இருந்தது. முட்டி என் முகவாய்க்கு வந்தது.

"சௌகரியமா இருக்கா?"

"காலை எங்க வைக்கிறதுன்னு தெரியல."

"ராணி மாதிரி நீட்டு!"

வண்டி உறுமியது. ஜன்னல்களிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் ஒரு கையைத் தூக்கி எல்லோருக்கும் ஆட்டினார்.

"ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல," என்றேன்.

"சரிங்க டீச்சர்."

"வேகம் வேண்டாங்க. தெரு சின்னது."

"நான் மெதுவாத்தான் போறேன். வண்டிதான் வேகமா கத்துது."

சிரித்தோம். நிஜமாகவே மெதுவாகத்தான் போனார். நேரே பார்த்தபடி, முதுகு நிமிர்ந்து, பாடப்புத்தகத்தில் படம் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்.

தெரு முனையில், பாதசாரிகளுக்கான வெள்ளைக்கோட்டில், துப்புரவுத் தொழிலாளி ஒருத்தி சக்கரம் வைத்த குப்பைத்தொட்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். பச்சைச் சட்டை, தலையில் துணித்தொப்பி. அவர் பக்கத்து ஓரத்திலிருந்து வந்தாள். நல்ல வெயில். மறைப்பு ஒன்றும் இல்லை.

அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

குறைப்பார் என்று நினைத்தேன். இன்னும் குறைக்கவில்லை. என் கால் மிதித்தது. ஸ்கூல் வண்டிகளில் கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இங்கே கால் வெறும் தரைவிரிப்பை மிதித்தது. மறுபடியும் மிதித்தேன். விரிப்புதான்.

"என்னங்க! ஆளு! ஆளு!"

"எங்க?"

எட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். வண்டி நடைபாதையை உரசாமல் உரசிக்கொண்டு போயிற்று. அந்தப் பெண் தொட்டியை விட்டுவிட்டுப் பின்னால் துள்ளினாள். தொட்டி சாய்ந்து சருகெல்லாம் சாலையில் கொட்டியது. அதற்குப் பிறகுதான் அவர் பிரேக்கை அழுத்தினார்.

"பைத்தியமா உனக்கு?" என்று கத்தினார் என்னைப் பார்த்து. "ஓட்டறவன் கையிலேர்ந்து ஸ்டீயரிங்கப் பிடுங்குவியா? நாலு பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கறவதானே நீ?"

அந்தப் பெண் நின்ற பக்கம் கையைக் காட்டினேன்.

அதற்குள் அவளே வந்துவிட்டாள். துடைப்பம் கையில்.

"யோவ் பெரியவரே! கண்ணு எங்க வச்சிருக்க, பின்மண்டையிலயா? வண்டி வாங்கும்போது ரோட்டையும் சேத்து வாங்கிட்டியா?"

அவர் அவளை வானத்திலிருந்து விழுந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எங்கேர்ந்தும்மா வந்த நீ?"

"எங்கேர்ந்தா? கோட்டு மேலதான்யா வந்தேன்! பச்சைச் சட்டை போட்டிருக்கேன், இவ்ளோ பெரிய தொட்டி தள்ளிட்டு வரேன். குருடனுக்குக்கூட சத்தம் கேட்டிருக்கும்!"

"மன்னிச்சிடும்மா," என்றேன் நான். "அடி எதுவும் படலியே?"

"படல. பட்டிருந்தா இப்படி நின்னு பேசிட்டிருப்பனா? நீங்க மட்டும் திருப்பலன்னா..." என்றவள் நிறுத்தினாள். "வயசானவங்களுக்கு எதுக்குங்க இந்த வண்டி?"

சருகை அள்ளப் போனாள். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்.

"இந்த வண்டி சரிப்படாது," என்றார் உடனே. "ரொம்பத் தாழ்வு. பக்கத்துல என்ன இருக்குன்னே தெரிய மாட்டேங்குது. உன் பொண்ணு சொன்னதுதான் சரி. நீலத்தை எடுத்துப் பாப்போம்."

"நீலமா?"

"அது உயரம். அதுல பக்கம் நல்லாத் தெரியும்."

"என்னங்க. எது மறைச்சது?"

"என்ன?"

"நம்ம வண்டியில கேட்டா, கண்ணாடி ஓரத்துக் கம்பி மறைக்குதும்பீங்க. இதுல கூரையே இல்ல. சுத்திலும் வெறும் காத்து. எது மறைச்சது?"

அவர் பக்கக் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்யப் போனார்.

"நேரா பாருங்க," என்றேன். "அந்த விளக்குக் கம்பத்தைப் பாருங்க. தலையைத் திருப்பக் கூடாது."

"என்ன விளையாட்டு இது?"

"கம்பத்துல என்ன எழுதியிருக்கு?"

"நாப்பத்தேழு பை மூணு," என்றார் பட்டென்று. "கீழ சின்னதா ஒரு போன் நம்பர். படிக்கட்டுமா? எனக்கா கண்ணு இல்ல?"

அவருடைய காதுக்கு நேராக என் கையை நீட்டினேன். "எத்தனை விரல்?"

"எங்க?"

கையை மெல்ல முன்னால் கொண்டுவந்தேன். "இப்போ?"

"நீ கையை வைக்கவே இல்ல. ஏமாத்தற."

இன்னும் முன்னால் கொண்டுவந்தேன். கிட்டத்தட்ட மூக்குக்கு நேராக வரும்போதுதான், "ஆங், மூணு," என்றார். அந்தப் பக்கமும் எட்டி அதேபோல் வைத்துப் பார்த்தேன். அதே கதை. மனுஷர் உலகத்தை ஒரு குழாய் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய்க்குள் தெரிவது பளிச்சென்று தெரிந்ததால் குழாய் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

நான் கையை மடியில் இறக்கினேன்.

"லைசென்ஸுக்குக் கண் டெஸ்ட் பண்ணாங்களா இல்லியா?"

"டாக்டர் கையெழுத்துப் போட்டாரே."

"போட்டார். பாத்தாரா?"

"அவன் நம்மகிட்ட கத்துக்கிட்ட பையன். 'மாஸ்டர், உங்க கண்ண நான் டெஸ்ட் பண்றதா? நீங்க என்னை ரிவர்ஸ் எடுக்க வச்சப்ப வேர்த்தது இன்னும் காயல'ன்னு சொல்லிச் சிரிச்சான்."

"சிரிச்சுட்டு?"

"சீல் குத்திட்டான்."

பிறகு அவர் தெம்பு வந்தவர் போலத் திரும்பினார்.

"சரி, அப்படியே வச்சுக்க. அப்ப நம்ம வண்டியில ஏன் ஒண்ணும் நடக்கல? தினம் ஓட்டறேன். ஒரு கீறல் காட்டு. ஒரே ஒரு கீறல்!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. போன மாதம் மெக்கானிக் என்னிடம் ஒன்று கேட்டான். "டீச்சர், உங்க வீட்டு வண்டி கிளாசுக்குப் போறதே இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி நானே உங்க பக்கத்து பிரேக் பெடலுக்குப் புது ரப்பர் போட்டேன். அது எப்படி வழவழன்னு தேஞ்சிருக்கு?" எலி கடித்திருக்கும் என்று இவர் சொன்னார். சிரித்துவிட்டு வந்துவிட்டோம்.

அதை அவரிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது.

"நீயா பிரேக் போட்டுட்டு வந்த?"

"ஆமா போல."

"ரெண்டு வருஷமாவா?"

"எவ்வளவு நாள்னு தெரியலங்க."

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தியா?"

"சத்தியமா இல்ல. காய்கறி விலை பேசிட்டு வருவேன், மாப்பிள்ளையப் பத்தி பேசிட்டு வருவேன். கால் பாட்டுக்கு மிதிச்சிருக்கு. பக்கத்துல உக்காந்தா மிதிக்கறதுதானே நம்ம பொழப்பு? எனக்குத் தெரியாது. காலுக்குத் தெரிஞ்சிருக்கு."

அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு ரகசியம் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"யாருக்கும் சொல்லாத."

"என்னது?"

"இன்னைக்கு ஒரு நாள். நீலத்தை எடுத்துப்போம். நீ சொல்லிட்டே வா. இந்தப் பக்கம் ஆளு, அந்தப் பக்கம் சைக்கிள்னு. நான் கேட்டுக்கறேன். நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம். இன்னைக்கு மட்டும்."

அந்தப் பெண்மேல் வண்டியை ஏற்றப் போனதைவிட எனக்கு இதுதான் தூக்கிவாரிப்போட்டது. வாயில் ஒரு பழத்துண்டு இருந்தால்கூட மாணவர்களை வண்டி எடுக்க விடாத மனிதர். அதைவிட, ஒரு கணம் எனக்கே அது நடக்கக்கூடியதாகத் தோன்றியது. சொல்லிக்கொண்டே போகலாமே, இத்தனை நாள் மிதித்துக்கொண்டே வரவில்லையா என்று. அவர் முகம் அப்படிக் கெஞ்சியது.

துப்புரவுப் பெண் தொட்டியை நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு, எங்கள் வண்டியைச் சுற்றி, தேவைக்கு மேலேயே விலகிப் போனாள்.

"இறங்குங்க," என்றேன்.

"நான் சொல்றத..."

"இறங்குங்க மாஸ்டர்."

இறங்கினார். நான் கதவைப் பிடித்து எழுந்து, சுற்றிப்போய், அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். இருக்கையை முன்னால் இழுத்தேன். கியர்க் கம்பியே இல்லாத வண்டியை முதல் தடவையாக ஓட்டினேன். அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு வந்தார். வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்.

"அவளுக்குக் குழந்தை இருக்குமோ?"

"இருக்கும்."

கடைப்பெண் ஓடிவந்தாள். "எப்படி சார்? மாஸ்டருக்குக் குதிரையா, சூலமா? நீலத்தையும் எடுத்து வச்சிட்டேன்." நான் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுவதைப் பார்த்துக் குழம்பினாள்.

நான் எதையாவது சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"இவங்களக் கேளும்மா. ஓட்டப்போறது இவங்கதான்."

"நீலம்," என்றேன்.

நீல வண்டியில் முட்டி இடிக்கவில்லை. பெரிய சாலைக்கு வந்ததும் அவர் கேட்டார்.

"எங்க போறோம்?"

"கண் ஆஸ்பத்திரிக்கு."

"இந்த வண்டியிலயா? வாசல்ல இருக்கறவன் எல்லாம் வேடிக்கை பாப்பான்."

"பாக்கட்டும். ஆறு மணி வரைக்கும் நம்ம வண்டி."

அவர் சிரிக்கவில்லை. இரண்டு சிக்னல் தாண்டினோம். மூன்றாவதில் நிற்கும்போது, தனக்குத் தானே பேசுவது போல ஆரம்பித்தார்.

"காலையில ஆறு பேரு, சாயந்தரம் நாலு பேரு. அவங்க பக்கத்துல உக்காந்து, பிரேக்கு மேல காலை வச்சுக்கிட்டு, நான் பாத்துக்கறேன் நீ தைரியமா ஓட்டுன்னு சொன்னேனே. என்னத்தப் பாத்தேன்?"

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. என் கால் அவர் ஓட்டிய வண்டியில்தான் இருந்தது. அவர் கற்றுக்கொடுத்த வண்டியில் யார் கால் இருந்தது? பின்னால் ஹாரன் அடித்தார்கள். விளக்கு மாறியிருந்தது.

அவர் போனை எடுத்து ஆபீஸ் பெண்ணைக் கூப்பிட்டார். காற்றுச் சத்தத்தில் ஒலியைக் கூட்டி வைத்திருந்தார், எனக்கும் கேட்டது.

"மாஸ்டர்! எந்த வண்டி எடுத்தீங்க? போட்டோ அனுப்பவே இல்ல?"

"நாளைக்குக் காலையில எனக்கு யார் யாரு?"

"பேங்க் அம்மா, அப்புறம் அந்த ரெட்டைப் பசங்க, அப்புறம்..."

"எல்லாரையும் டீச்சர் பேருக்கு மாத்து. டீச்சரால எடுக்க முடியாதவங்களுக்குப் போன் பண்ணி வேற ஸ்கூல் சொல்லிவிடு."

"ஐயோ, உடம்பு சரியில்லையா மாஸ்டர்? எத்தனை நாளைக்கு லீவுன்னு எழுதட்டும்?"

அவர் என் பக்கம் திரும்பினார். தலையை முழுக்கத் திருப்பித்தான் என்னைப் பார்க்க வேண்டியிருந்தது. நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"லீவுன்னு எழுதாத," என்றார். "என் பேரை அடிச்சிடு."