ஒரே பக்கம் திருகிய இரண்டு பேர்

1

இந்தக் கதை ஒரு காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தபோது எனக்குக் கிடைத்தது. கிடைத்ததும் வாயை மூடிக்கொண்டேன். ஏன் மூடிக்கொண்டேன் என்று சொல்வதற்குத்தான் இத்தனை பக்கம். (இரண்டு வரியிலும் சொல்லலாம். ஆனால் இரண்டு வரியில் சொல்லத் தெரிந்தவன் கதை எழுத வரமாட்டான்.)

கார் வீரபாகு மாமாவுடையது. என் அக்கா வள்ளியின் வீட்டுக்காரர். பிள்ளையார்பாளையத்தில் இரண்டு தறி, ஒரு கார். 1974 அம்பாசடர், டிகிரி காப்பியில் பால் அதிகமாகிவிட்ட நிறம். அதைப் பழைய கார் என்று சொன்னால் மாமாவுக்குப் பிடிக்காது, 'கிளாசிக்' என்று சொல்லவேண்டும். பழையதைத் தூக்கிப்போட மனசு வராதவன் எல்லாம் இப்போது ரசிகன் ஆகிவிட்டான். அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழுவும் இருக்கிறது. நூற்று நாற்பது பேர், தினமும் காலையில் பூங்கொத்துப் படமும் கார்பரேட்டர் படமும் மாற்றி மாற்றி அனுப்பிக்கொள்கிறார்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

'காஞ்சி மாநகரின் கோபுரங்களின் மேல் காலை வெயில் பட்டிழையாக இறங்கி—'

அடித்துவிட்டேன். இந்த ஊரைப் பற்றி எழுத உட்காருகிற எவனும் கோபுரத்தில் ஏறிப் பட்டில் இறங்குகிறான். கேட்டால் மண் வாசனை என்கிறான். இங்கே இருக்கிற எங்களுக்குச் சாக்கடை வாசனைதான் வருகிறது.

இரண்டாவது தொடக்கம்: 'வீரபாகு ஒரு அடக்கமான மனிதர்.' மூன்றாவது சொல்லில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாவது: 'வண்டி இடது பக்கம் இழுத்தது.' அழகில்லை, ஆனால் உண்மை. இதிலிருந்தே போகலாம்.

3

வண்டி இடது பக்கம் இழுத்தது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் கார் ரோட்டோரத்துக்குப் போகும். கார் நேராகப் போகவேண்டுமென்றால் ஸ்டியரிங்கைக் கோணலாக, வலது பக்கம் திருப்பியே பிடித்திருக்க வேண்டும். தெரு முனைச் சாக்கடைக் கல்லில் மாமா முன் சக்கரத்தை ஏற்றி இறக்கிய நாளிலிருந்து இப்படி. அவரைக் கேட்டால், கல்தான் குறுக்கே வந்தது என்பார்.

போன ஐப்பசியில் மாமாவும் அக்காவும் தென்னேரிக்குப் போனார்கள். ஏரிக்கரை மேல் எதிரே டிராக்டரில் தெரிந்தவர் ஒருவர் வர, மாமா ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டார். கார் இடது பக்கம் போய்ச் சரிவில் ஒரு சக்கரத்தை இறக்கி நின்றது. அக்கா தன் பக்கக் கதவைத் திறந்து பார்த்தாள். கீழே ஏரி நிறையத் தண்ணீர். கதவைச் சாத்திவிட்டு மாமாவின் மடிமேல் ஏறி அவர் பக்கமாக இறங்கினாள்.

அன்றோடு சரி. ஒரு வருடமாகிறது, அக்கா அந்தக் காரில் ஏறுவதில்லை. விசேஷங்களுக்கு மாமா காரில் போவார், அக்கா பஸ்ஸில் போவாள். மண்டப வாசலில் யாராவது கேட்காமல் இருப்பதில்லை.

"பொஞ்சாதிய பஸ்ல உட்டுட்டு நீ மட்டும் கார்ல வந்துக்கினு இருக்கியே, இன்னாபா இது?"

மாமா இளிப்பார். அப்புறம் பந்தியில் உட்காராமலே திரும்பிவிடுவார். அவருக்கு இது மானப் பிரச்சினை, அக்காவுக்கு உயிர்ப் பிரச்சினை. எனக்கு எழுத விஷயம் கிடைத்துக்கொண்டிருந்தது.*

* எழுதுகிறவனை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. காருக்காவது பிரேக் இருக்கிறது.

4

மெக்கானிக் ஜாஃபர் பாய் கடையில் காட்டினோம். அவர் குனிந்து, ஒரு டேப்பைப் பிடித்து, நிமிர்ந்து, இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

"அண்ணே, ரெண்டு வீலும் முன்னாடி விரிஞ்சிக்கினு இருக்குது. முன்னாடி அளவு பின்னாடிய விட மூணு எம்எம் கம்மியா இருக்கணும். உனக்கு அஞ்சு ஜாஸ்தியா இருக்குது. வண்டிய உட்டுட்டுப் போ, சாயங்காலம் வந்து எடுத்துக்கோ."

மாமா விடவில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் வீட்டிலேயே முன் சக்கரத்தை நேராக்கும் வீடியோ போட்டிருந்தார். கோயம்புத்தூர்க்காரர், டைல்ஸ் போட்ட ஷெட், வெள்ளை பனியன், கை நகத்தில் ஒரு சொட்டுக் கிரீஸ் இல்லை.

"நாப்பது வருஷமா ஆயிரக்கணக்கான இழைய கோணாம இழுத்துக் கட்டிக்கினு இருக்கேன். ரெண்டு சக்கரத்த நேராக்க எனக்கு இன்னொருத்தன் வேணுமா?" என்றாராம் மாமா.

சொல்லி முடித்த கையோடு எனக்குப் போன் செய்தார், இன்னொருத்தன் வேண்டுமென்று.

ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டுகிற இடம்தான் மட்டமான தரை. அன்று யாரும் பாவு நீட்டவில்லை. காரை அங்கே நிறுத்தி, முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிச் சுற்றவிட்டு, டயரின் நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டோம். இறக்கியபின், இந்த டயர்க் கோட்டிலிருந்து அந்த டயர்க் கோட்டுக்கு முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு. பாய் சொன்னது சரி. முன்னால் ஐந்து எம்எம் அதிகம்.

சரிசெய்வது எப்படி என்று வாசகருக்குச் சொல்லவேண்டும். (வாசகர் கொட்டாவி விடுவார். விடட்டும். அடுத்தவன் காருக்கு அடியில் முதுகில் கல் குத்தப் படுத்தது நான்.) ஸ்டியரிங்கிலிருந்து ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் ஒரு கம்பி போகிறது. கம்பியின் முனையில் மரை. ஒரு பக்கம் திருகினால் கம்பி நீளும், எதிர்ப்பக்கம் திருகினால் குறையும். இரண்டு கம்பியும் சேர்ந்து நீளவேண்டும், அல்லது சேர்ந்து குறையவேண்டும். அவ்வளவுதான் வேலை.

5

இங்கே தறியைக் கொண்டுவராமல் முடியாது. பட்டில் இறங்குகிறவர்களைத் திட்டினேன், இப்போது நானும் இறங்குகிறேன். வேறு வழியில்லை, தப்பு அங்கேதான் இருக்கிறது.

உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று வரும் கோர்வைச் சேலைக்கு ஒரு ஆள் போதாது. நெய்கிறவரின் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நூலைச் சுமக்கிற நாடாவை இழைகளுக்கு நடுவே வீசவேண்டும். ஆபீஸ் வேலை கிடைக்கும்வரை பதினோரு வருடம் மாமாவுக்கு அப்படி வீசியவன் நான். ஒட்டி உட்கார்ந்திருப்போம், இருவரும் ஒரே பக்கம் பார்த்து. மாமா 'ம்' என்பார், நான் வீசுவேன். பேச்சே கிடையாது. அவர் கை போகிற பக்கம் என் கை போகும்.

ஞாயிற்றுக்கிழமை காருக்கு அடியிலும் அப்படியே படுத்தோம். முன் பம்பருக்குக் கீழே தலையை விட்டு, தோளோடு தோள், வலது கம்பி அவருக்கு, இடது கம்பி எனக்கு. ஆளுக்கொரு ஸ்பேனர். மாமா "ம்" என்றார். இருவரும் ஸ்பேனரை நெஞ்சுப் பக்கம் இழுத்தோம். ஒரு சுற்று ஆனதும் வெளியே வந்து அளந்தோம். ஐந்து எம்எம். மறுபடி படுத்தோம். ம். அளந்தோம். அதே ஐந்து.

புரிகிறதா? கம்பிகள் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி எதிரெதிர்ப் பக்கம் போகிறவை. இருவரும் ஒரே பக்கம் திருகினால் ஒன்று நீளும், இன்னொன்று அதே அளவு குறையும். கூட்டிப் பார்த்தால் எதுவுமே மாறியிருக்காது. தனியாகச் செய்கிற முட்டாள் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். அவன் ஒவ்வொரு பக்கமாகத் தவழ்ந்துபோய்ச் சரியாகவே திருகியிருப்பான். இந்தத் தப்பைச் செய்ய, பதினோரு வருடம் சேர்ந்து நெய்த இரண்டு பேர் வேண்டும்.

ஆறு சுற்று. ஆறு முறையும் ஐந்து எம்எம்.

"டேப்பு டூப்ளிகேட்டுடா," என்றார் மாமா. காரில் ஏறி உட்கார்ந்தார். அப்புறம் அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் வர்ணிக்கப் போவதில்லை. ஸ்டியரிங் நேராக நின்றுகொண்டிருந்தது.

நின்றதுதான். ஒரு கம்பி நீண்டு ஒரு கம்பி குறைந்ததில் இரண்டு சக்கரமும் சேர்ந்து வலது பக்கம் திரும்பி, ஸ்டியரிங்கின் கோணல் தீர்ந்துவிட்டது. விரிந்துகொண்டிருந்த சக்கரங்கள் விரிந்தபடியே இருந்தன. மாமா தெரு முனைவரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார், இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு. எதிர்வீட்டு மயில்வாகனம் கை தட்டினார். டேப்பைச் சுருட்டிச் சாக்கடையில் போட்டார் மாமா.

"உனக்கு இன்னும் கை மறக்கலடா ஆனந்து," என்றார் என் தோளைத் தட்டி. இத்தனை வருடத்தில் என்னைப் பாராட்டி அவர் சொன்ன ஒரே வார்த்தை இதுதான்.

6

இந்தக் கதையில் ஒரு பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீரபாகுவை நம்பலாம், அவர் முழு முட்டாள், ஒளிவு மறைவு இல்லை. வள்ளியை நம்பலாம், ஜாஃபர் பாயையும் நம்பலாம். நம்ப முடியாதவன் இடது கம்பியைத் திருகியவன்.

அவனைப் பற்றி முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்: 'நடந்த தவறு அப்போது எனக்குத் தெரியவில்லை. பிறகு யோசித்தபோதுதான்—'

பொய். மூன்றாவது சுற்றிலேயே தெரிந்துவிட்டது. என் பக்கத்தில் துரு ஏறாத மரை பளபளவென்று வெளியே வந்துகொண்டிருந்தது. தலையைத் திருப்பினால் மாமா பக்கத்தில் மரை உள்ளே போய்க்கொண்டிருந்தது. 'மாமா, எதிர்ப்பக்கம் திருகு' என்று சொல்ல மூன்று சொல் போதும். சொல்லவில்லை. பதினோரு வருடம் 'ம்' கொட்டிய மனிதர் இன்னும் மூன்று முறை தப்பாக 'ம்' கொட்டுவதைக் கேட்க எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. அதோடு, கதை அங்கேதான் பிறந்தது. சொல்லியிருந்தால் கார் சரியாகியிருக்கும், எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

(இதைப் படித்துவிட்டு என்னைக் காறித் துப்புகிறவர்கள் வரிசையில் வரவும். எனக்குப் பின்னால் நிற்கவும். முதல் ஆள் நான்.)

இன்னொன்றும் சொல்லவேண்டும். வெளியே வந்த மரை சும்மா வரவில்லை. என் பக்கத்துக் கம்பி ஆறு சுற்று கழன்றிருக்கிறது. முனைக்குள் எத்தனை மரை மிச்சம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நிறைய இருக்கலாம். இரண்டே இருக்கலாம். ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்போது அது விட்டுப்போனால் ஸ்டியரிங் மாமாவின் கையில் இருக்கும், இடது சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும். அக்கா உட்காரும் பக்கம் அது.

7

முடிவுகள்.

அ. தென்னேரி ஏரிக்கரை. கார், தண்ணீர், கரையில் ஒற்றைச் செருப்பு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் இதை எழுதினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாக வந்திருந்தது. செருப்பை வர்ணித்தபோது அது அக்காவின் செருப்பு என்று தெரிந்தது. கிழித்தேன்.

ஆ. ஜாஃபர் பாய் தற்செயலாக அந்தத் தெருவில் வருகிறார், குனிந்து பார்க்கிறார், பத்து நிமிடத்தில் சரிசெய்கிறார். இப்படித் தற்செயலாக வருகிற ஆட்களைக் கதையில் மட்டும்தான் பார்க்கமுடியும். வேண்டாம்.

இ. தம்பி மனம் திருந்தி உண்மையைச் சொல்கிறான், மாமா கட்டிக்கொள்கிறார். இதில் நான் அநியாயத்துக்கு நல்லவனாக இருக்கிறேன். பரிசுக் கதைப் போட்டிக்கு அனுப்பலாம்.

8

இன்று புதன்கிழமை. தென்னேரியில் சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். நாலு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. மூன்றரைக்கு அக்காவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. அப்படியே எழுதுகிறேன், திருத்தவில்லை.

"ஆனந்து, உங்க மாமா காலைலேர்ந்து கெஞ்சிக்கினு இருக்காருடா. கார் இப்ப நேரா போவுதாம். நீயும் கூட இருந்து பண்ணியாமே. அந்தாளு பேச்ச நம்பி நான் ஏறமாட்டேன். நீ சொல்லு, ஏறுறேன். சரியா பண்ணீங்களாடா?"

கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல், இதை எழுத உட்கார்ந்தேன். ஆறாம் பகுதியில் இரண்டு வாக்கியம் திருத்தினேன். முடிவு 'அ'வை நிஜமாகவே கிழித்தேனா என்று தேடிப் பார்த்தேன், கிழித்திருந்தேன். அதற்குள் மணி நாலே முக்கால்.

இப்போது போன் செய்தேன். எடுத்தது மாமா. பின்னால் என்ஜின் சத்தம்.

"ஏறிட்டாடா உங்கக்கா," என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நீ கேட்டுட்டு ஒண்ணும் சொல்லலையாம். தப்பா இருந்தா என் தம்பி சொல்லியிருப்பான்னு சொல்லிட்டு ஏறிக் குந்திக்கினா. வாலாஜாபாத் தாண்டிட்டோம்."

"மாமா, வண்டிய நிறுத்து."

"இன்னாடா?"

"ஓரமா நிறுத்து மாமா. இப்பவே."

என்னவோ என் குரலில் இருந்திருக்கவேண்டும். என்ஜின் அடங்கியது. ஹேண்ட் பிரேக்கை இழுக்கிற சத்தம் கேட்டது. இத்தனை வருடத்தில் என் சொல்லுக்கு அவர் கை நின்றது இதுதான் முதல் தடவை.

"நிறுத்திட்டேன். சொல்லு."

அக்கா போனை வாங்குகிறாள். "ஸ்பீக்கர்ல போட்ருக்கேன் ஆனந்து. இன்னாடா ஆச்சு?"

முடிவு வேண்டுமென்றால் மூன்று கிடக்கிறது, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பேனாவை மூடுகிறேன். இதற்குமேல் நான் பேசப்போவது உங்களிடம் இல்லை.