நெட் ரேட்

2006 பிப்ரவரியில் ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்கு அருகே சுந்தராம்பாள் நடத்திவந்த லாட்ஜில் இருபது அறைகள் இருந்தன. அவற்றில் ஆறு ஏசி அறைகளைச் சென்னையில் கிளை வைத்திருந்த ஒரு பயண முன்பதிவு நிறுவனம் இணையத்தில் விற்றுவந்தது.

அந்த மாதம் புனேயிலிருந்து ஓர் இன்ஜினீயர் வந்து தங்கினார். இருங்காட்டுக்கோட்டையில் ஓர் உதிரிபாகக் கம்பெனிக்கு மெஷின் மாட்டித்தர வந்தவர். வெந்நீர் வரவில்லை என்று கீழே இறங்கிவந்து சத்தம் போட்டார். அவருடைய இந்தியிலும் ஆங்கிலத்திலும் சுந்தராம்பாளுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: நைன் ஹண்ட்ரட். அதை அவர் மூன்று முறை சொன்னார்.

தொள்ளாயிரமா?

ஒப்பந்தம் போட வந்த முன்பதிவுக் கம்பெனிப் பையன் சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. "நெட் ரேட் அறுநூத்தம்பது, மேடம்." நெட் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? அண்ணன் மகன் டில்லிபாபு அடுத்த தெருவில் நெட் சென்டர் வைத்திருக்கிறான். நெட்டில் கட்டுவது அறுநூற்றைம்பது; கம்பெனியிலிருந்து செக்கும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. வந்தவரோ தொள்ளாயிரம் கொடுத்ததாகக் கத்துகிறார். மீதி இருநூற்றைம்பது நெட்டில் போகவில்லை என்றால் கையில்தான் போயிருக்க வேண்டும். கவுண்டரில் இருப்பது மேனேஜர் தளவாய் ஒருவன்தான்.

தளவாய் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். ஏழு வருடமாக லாட்ஜிலேயே தங்கி வேலை பார்க்கிறான். நாற்பதைத் தாண்டியவன், அதிகம் பேசாதவன். இதுவரை நல்ல குணமாகத் தெரிந்த அந்தப் பேசாமை இப்போது அவளுக்கு வேறு மாதிரி தெரிந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்வந்தவன் கையில் செல்போனோடு வந்தானே, அது எப்படி? தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு முன்பணம் கேட்டவன் இரண்டாம் முறை கேட்கவே இல்லையே, அது ஏன்?

மறுநாளிலிருந்து அவள் மாடியில் உட்காரவில்லை. வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்தாள். கண் மட்டும் கவுண்டரில் இருந்தது. சாயங்காலம் புனேக்காரர் வேலை முடிந்து வந்து, மடித்த நூறு ரூபாய் நோட்டு ஒன்றைத் தளவாயிடம் நீட்டினார். அவன் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனான்.

அவளுக்கு அது போதும். அடுத்த நாள் மதியம், சாட்சிக்கு டில்லிபாபுவை வரவழைத்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னா தளவாய், நெட்ல கட்டுறது போக உன் கைல எவ்ளோ குடுக்கறாங்க?"

"என் கையிலயா? எதுக்கும்மா குடுக்காவ?"

"நேத்து நூறு ரூபா வாங்கினியே, நான் பாத்துகினுதானே இருந்தேன்."

"அது புரோட்டா வாங்கியாரச் சொல்லிக் குடுத்தாரு. மிச்சத்த மேல கொண்டு குடுத்துட்டேன்."

"நல்லா கீது கதை. உன் பையை எடுத்துனு வா. இங்க வச்சி தொற."

தளவாய் அவளையே பார்த்தான். "பையத் தொறக்கச் சொல்லுதியளா?"

"ஆமா."

உள்ளே போய்ப் பையைக் கொண்டுவந்து கவுண்டர் மேல் வைத்து ஜிப்பை இழுத்தான். இரண்டு லுங்கி, ஒரு சட்டை, சர்க்கரை மாத்திரை அட்டை, செல்போன் வாங்கிய தவணைச் சீட்டு. மாடியிலிருந்து இறங்கிவந்த இரண்டு விருந்தாளிகள் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கிறத எல்லாம் பாத்துக்கிடுங்க" என்றான். "ரேட்டு எம்புட்டுன்னு நெட்டுல போட்டுத்தான இருப்பாவ. அதையும் பாத்துட்டு வாங்க."

"பாக்காம இருப்பனா? வாடா டில்லி."

நெட் சென்டரில் பக்கம் திறக்க நேரமானது. முதலில் லாட்ஜின் படம் பாதி வந்தது. பிறகு விலை வந்தது. டில்லிபாபு திரையை நோக்கிக் குனிந்தான்.

"அத்தே, தொள்ளாயிரம்னுதான் போட்டுகீது."

"நல்லா பாரு. நெட் ரேட் அறுநூத்தம்பது."

"நெட்லயேதான் பாக்கறேன். தொள்ளாயிரம்."

அவள் அங்கிருந்தே கம்பெனிக்குப் போன் செய்தாள். சென்னைக் கிளையில் லாட்ஜ் ஒப்பந்தங்களைப் பார்க்கும் மதிவதனி பேசினாள்.

"மேடம், நெட்டுன்னா இன்டர்நெட் இல்ல. கழிவெல்லாம் போக உங்க கைக்கு வர்ற தொகை. உங்ககிட்ட அறுநூத்தம்பதுக்கு வாங்கறோம், தொள்ளாயிரத்துக்கு விக்கறோம். நடுவுல இருக்கறது எங்க வருமானம்."

டில்லிபாபு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சுந்தராம்பாள் சிரிக்கவில்லை.

"அப்போ கமிஷனா?"

"கமிஷன்னா உங்க பில்லுலயே தெரியும். இது அப்படித் தெரியாது."

"காசு எப்போ வாங்கறீங்க?"

"புக் பண்ணும்போதே. ஆனா ஆள் வந்து தங்கின அன்னைக்குத்தான் வருமானம்னு எழுதுவோம். அதுவரைக்கும் கணக்குல அது எங்க மேல இருக்கிற கடன்."

"கடன்னு எழுதிட்டு காசை நீங்களே வச்சிக்குவீங்க. ஆள் வராமப் போனா?"

"வராட்டியும் அவங்களுக்குப் பணம் திருப்ப மாட்டோம், மேடம். நீங்க பில் அனுப்பினா உங்க பங்கு வரும்."

"அனுப்பலன்னா?"

"கொஞ்ச நாள் பாத்துட்டு அதையும் எங்க வருமானத்துல சேத்துடுவாங்க."

போன கார்த்திகையில் மழையால் வராதவர்களுக்காக நான்கு அறைகளைப் பூட்டியே வைத்திருந்தாள். வராத ஆளுக்குப் பில் போடுவது பாவம் என்று அவளே தளவாயிடம் சொல்லியிருந்தாள்.

"வராத ஆளு காசுல உங்களுக்கு வருமானமா? நல்லா இருங்கம்மா" என்று போனை வைத்தாள்.

திரும்பும் வழியில் டில்லிபாபு, "தளவாய்கிட்ட இன்னா சொல்லப்போற அத்தே?" என்று கேட்டான்.

"இன்னா சொல்றது. முன்பணம் கேட்டானே, குடுத்துடலாம்."

லாட்ஜில் கவுண்டர் மேல் சாவிக்கொத்து இருந்தது. பை இல்லை. ரூம் பையன் ஒருவனிடம் விசாரித்தாள். அவன், மேனேஜர் புனேக்காரரின் வெந்நீர்க் குழாயைச் சரிபார்க்க ஆள் வரச்சொல்லிவிட்டுத் தாம்பரம் பஸ் ஏறியதாகச் சொன்னான். செல்போனுக்கு இரண்டு முறை அடித்துப் பார்த்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை.

மார்ச்சில் சுந்தராம்பாள் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தாள். அறைக்கு ஐம்பது ரூபாய் கூட்டிக் கொடுத்தார்கள். வராதவர்களுக்கும் அவள் பில் அனுப்பத் தொடங்கினாள். கவுண்டரில் இப்போது டில்லிபாபு உட்காருகிறான். தளவாய் மறைமலை நகரில் ஜி.எஸ்.டி. சாலையோரம் இருக்கும் ஒரு லாட்ஜில் மேனேஜராகச் சேர்ந்துவிட்டான்.