ஏவால்ட் ஏன் வெளியே வரவில்லை

1

இந்தக் கதையை எழுதும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. ஹாசல்குருண்ட் விளையாட்டுச் சங்கத்துக்கு நூறு வயதாகிறது, வரலாறு எழுதிக்கொடு என்றார்கள். முப்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். மூன்றாம் கால்பந்து அணியில் ஆடி நிறையத் தோற்றிருக்கிறேன். ஒப்புக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: 1924-இல் மரம் அறுக்கும் ஆலையின் தொழிலாளர்கள் பதினான்கு பேர் கூடி—

வேண்டாம்.

இரண்டாவது: போருக்குப் போன பதினொரு ஆட்டக்காரர்களில் திரும்பியவர் இருவர். அதில் ஒருவருக்குக் கால்—

(உண்மைதான். ஆனால் அவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.)

பிறகு 1983-க்கு வந்தேன். அங்கேயே நின்றுவிட்டேன்.

2

சங்கத்துக் குறிப்பேட்டில் ஒரே வரி: ‘அக்டோபர் 16, எஷன்டோர்ஃபுடன் ஆட்டம். ஏவால்ட் மரணம்.’

ஏவால்ட் கூரை வேய்பவர்; முதல் அணியின் நடுக்கள ஆட்டக்காரர்; வயது முப்பத்தொன்று. மழையில் ஊறிய மைதானத்தில், எழுபத்தெட்டாவது நிமிடத்தில் குப்புற விழுந்தார். மாரடைப்பு. நெஞ்சு வலித்தும் வெளியே வர மறுத்தார், சங்கத்துக்காக உயிரைக் கொடுத்தார் என்பது ஊரறிந்த கதை. ஒவ்வோர் அக்டோபரிலும் மலர்வளையம் வைக்கிறார்கள். அவர் மனைவி ரோஸ்விதா மட்டும் வருவதில்லை.

"ரெண்டு பிள்ளைங்க வீட்டுல இருக்கு. அந்த மனுஷனுக்குப் பந்துதான் பெருசாப் போச்சு" என்றார் என்னிடம். "வெளிய வந்திருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?"

3

அன்றைய பயிற்சியாளர் கெர்னோட்டுக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. சங்கத்தின் கௌரவத் தலைவர். பழைய படங்கள் கேட்கப் போயிருந்தேன்.

"அவன் கேட்டான்யா" என்றார் திடீரென்று.

"யாரு? என்ன கேட்டாங்க?"

"ஏவால்ட். ஆள் மாத்தச் சொன்னான். ரெண்டு தடவை ஓரத்துக்கே வந்தான். மழைச் சத்தத்துல வேற யாருக்கும் கேக்கல. ‘பொம்பளை மாதிரி அழாதடா, பத்து நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடு’ன்னேன்."

"அவர் மறுத்ததா சொன்னாங்களே?"

"அன்னைக்கு யாரோ அப்படிச் சொன்னாங்க. நான் தலையாட்டினேன். அவ்வளவுதான்." பிறகு சொன்னார்: "எழுது. ஆனா நான் போனப்புறம்." சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

(இங்கே ஓர் ஒப்புதல். முதல் வரைவில் கெர்னோட்டுக்குத் தடித்த கழுத்தும் முரட்டுச் சிரிப்பும் கொடுத்திருந்தேன். இரண்டுமே அவருக்குக் கிடையாது. ஏவால்டின் பிள்ளைகளை ஒன்பது வருடம் தன் காரில் பயிற்சிக்கு அழைத்துப் போனவர் அவர். கெட்டவனாக எழுதியிருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும்.)

4

முடிவு அ: கெர்னோட் சாகும்வரை காத்திருப்பது. ஆனால் ரோஸ்விதாவின் ஒரு நுரையீரலை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். யார் முந்துவார் என்று—

முடிவு ஆ: ‘சங்கத்துக்காக உயிர் நீத்தார்.’ தட்டச்சு செய்தே பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை.

நடந்தது வேறு. வாக்கை மீறினேன். செவ்வாய்க்கிழமை காலை ரோஸ்விதா கேக்குக்காகப் பிளம் பழங்களின் கொட்டையை நீக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"ரெண்டு தடவையா?"

"ரெண்டு தடவை."

"அப்ப வீட்டுக்கு வரத்தான் பாத்திருக்கார்."

கத்தி பழத்துக்குள்ளேயே நின்றது.

"நாப்பத்தொரு வருஷமா அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டே இருக்கேன். கல்லறைக்குப் போயும் திட்டியிருக்கேன். இப்ப அவர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

அவர் கை கழுவினார். கோட்டை மாட்டிக்கொண்டார்.

"கெர்னோட் வீட்டுலதான இருப்பான்? வண்டிய எடுங்க."

5

கதவைத் திறந்த கெர்னோட் முதலில் ரோஸ்விதாவைப் பார்த்தார். பிறகு அவர் தோளுக்கு மேலாக, காரில் இருந்த என்னை. புரிந்துவிட்டது.

"உள்ள வா, ரோஸி" என்றார்.

கதவு மூடியது. நாற்பது நிமிடம்.

[உள்ளே ரோஸ்விதா கையை ஓங்கி—]

[உள்ளே இருவரும் ஒரு வார்த்தையும் பேசாமல்—]

இப்படி மூன்று விதமாக எழுதினேன். மூன்றுமே நன்றாக வந்தன. அதனாலேயே நம்ப முடியவில்லை. கெர்னோட் அன்றிலிருந்து என் தொலைபேசி அழைப்பை எடுப்பதில்லை. திரும்பும் வழியெல்லாம் ரோஸ்விதாவும் வாய் திறக்கவில்லை. வரலாறு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1983-க்கான பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

நான் கண்ணால் பார்த்தது ஒன்றுதான். ரோஸ்விதா வெளியே வந்தபோது கோட்டின் வலது தோளில், ஒரு முகத்தின் அகலத்துக்கு, ஈரம் இருந்தது. அன்று மழை இல்லை.

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. உங்களால் முடிந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.