மேல்தட்டு முறுக்கு டப்பா

...வலிக்கவில்லை, நிஜமாகவே வலிக்கவில்லை, இல்லையென்றால் காலையில் சமையலறை மேல்தட்டிலிருந்த முறுக்கு டப்பாவை வலது கையை நீட்டி எடுத்திருக்க முடியுமா, எடுத்து ஒன்றைக் கடித்த பிறகுதானே தோளில் அடிபட்டதே மைதிலிக்கு ஞாபகம் வந்தது... அப்படியானால் சரியாகிவிட்டதா? சந்தோஷப்பட வேண்டியதுதானே? கரையான்சாவடி ஜிம்மில் பார்பெல்லைத் தலைக்கு மேல் தூக்கியபோது தோள் சுளீரென்று இழுத்த அன்று எப்படி அழுதாள், வலிக்காக இல்லை, பாடுபட்டுச் சேர்த்த பலமெல்லாம் போய்விடுமே என்று, பயிற்சியாளன் தேவாதான் ஐஸ் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "வெயிட்டு எங்கயும் ஓடிடாதுக்கா, இங்கயேதான் கீது, நீ ஊட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு" என்றான். உள்ளங்கைக் காய்ப்பு கூட இப்போது மெத்தென்று ஆகிவிட்டது, இரும்பின் அந்தச் சில்லிப்பு வேண்டும்போலிருக்கிறது, நாளைக்கே போகலாம்... போனால், இது?

இது என்றால், கட்டிலில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து கணவன் பூபாலன் தலை பின்னிவிடுவது. கையைத் தூக்க முடியாத அந்த முதல் நாள் பின்னலைப் பார்த்து ஆபீஸே சிரித்தது, இப்போது நுனியிலிருந்து சிக்கெடுக்கிறான், வலிக்காமல்... முன்பெல்லாம் அவள் ஜிம்மிலிருந்து திரும்பும்போது அவன் ஆவடி தொழிற்சாலைக்குக் கிளம்பியிருப்பான், கேஸ், பால் தவிர என்ன பேசினார்கள்? இப்போது பேசுகிறான், சின்ன வயதில் மாங்காடு கோயில் கூட்டத்தில் தொலைந்துபோனதை, கேன்டீன் சண்டையை, முகத்தைப் பார்க்காமலிருந்தால்தான் இந்த மனிதருக்குப் பேச்சு வரும் போலிருக்கிறது, இது தெரியாமலே இத்தனை வருஷம் ஓடிவிட்டதே...

தோள் இன்னா சொல்லுது என்று பின்னாலிருந்து கேட்டான். "இன்னும் கொஞ்சம் இருக்குங்க" என்றாள், பொய் இவ்வளவு சுலபமாகவா வரும், சொல்லிவிட்டுப் பின்னலைத் தடவிப் பார்த்தாள், நேராக, இறுக்கமாக இருந்தது, கண் சமையலறைப் பக்கம் போனது, மேல்தட்டில் முறுக்கு டப்பா... அதை மேடையிலேயே விட்டுவிட்டு வந்தாளே? வீட்டில் இருப்பது இரண்டே பேர். காபி போடப் போனபோது பார்த்திருக்கிறான், யார் எடுத்திருப்பார்கள் என்று தெரியாதா அவனுக்கு, தெரிந்தும் எடுத்து மேலே வைத்துவிட்டு, சீப்போடு வந்து உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவன் போல...

ரப்பர் பேண்ட் போட வேண்டிய இடத்தில் அவன் விரல்கள் நின்றன.

"கோணிக்கினு போச்சு, மைதிலி. இரு, மறுபடியும் போடறேன்."

நுனிவரை வந்திருந்த பின்னலை அவசரமில்லாமல் பிரிக்க ஆரம்பித்தான். நேராகத்தானே இருந்தது... அவள் திரும்பவில்லை.