லெனாட் அடித்த கடைசித் தண்ட உதை

பிரான்சில் இருக்கும் யாரோ ஒருவர் 2003ஆம் ஆண்டு குருநகருக்கும் அரியாலைக்கும் நடந்த உதைபந்தாட்ட இறுதியாட்டத்தின் பழைய வீடியோவைப் பேஸ்புக்கில் ஏற்றியிருந்தார். குருநகர் ஓட்டோக்காரன் மரியரட்ணம் அதன் முடிவை மட்டும் ஏழு தடவை பார்த்துவிட்டான்.

ஆட்டம் சமநிலையில் முடிந்து தண்ட உதைக்கு, அதாவது பெனால்டிக்குப் போயிருந்தது. குருநகருக்காகக் கடைசியாக உதைத்தவன் லெனாட். பந்து கம்பத்துக்கு வெளியே போனது. கிண்ணம் அரியாலைக்குப் போனது. லெனாட்டுக்கு அரியாலைப் பெண் உதயகலாவோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். "பொம்பிளை வீட்டுக்குச் சீதனம் குடுத்திட்டான்ரா!" என்று முதலில் கத்தியவன் மரியரட்ணம்தான். அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவியது. லெனாட் அதன்பிறகு மைதானப் பக்கமே போகவில்லை.

ஏழாவது தடவைதான் மரியரட்ணம் கவனித்தான். நேராக வந்த பந்து, கடைசியில் கொஞ்சம் விலகுகிறது. கோல் காப்பாளரின் கை பட்டதா? வீடியோவில் குடை பிடித்த ஒருவர் அதை மறைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை, அன்றைய அரியாலைக் காப்பாளர் குகதாசனின் சைக்கிள் கடைக்குப் போனான்.

"அண்ணை, லெனாட்டின்ரை பந்து உங்கடை கையிலை பட்டதோ?"

குகதாசன் வலது கைச் சின்ன விரலை நீட்டினார். அது பக்கவாட்டில் வளைந்திருந்தது.

"அண்டைக்கு முறிஞ்சது. என்ன அடி அது!"

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"எங்கடை ஆக்களுக்குத் தெரியும். உங்கடை ஆக்கள் வந்து கேக்கேல்லையே."

லெனாட் கடற்கரையில் கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தான். மரியரட்ணம் தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னான். கத்தியது தான் என்பதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டான்.

"விரல் முறிஞ்சதோ?" என்று லெனாட் கேட்டான்.

"ஓம்."

"நான் உள்ளுக்குத்தான் அடிச்சனான். எப்பிடி வெளியிலை போனதெண்டு இவ்வளவு காலமா யோசிக்கிறன்." எழுந்தான். "வா, எனக்கு அந்த விரலைப் பார்க்கோணும்."

கடையில் குகதாசனின் கையைப் பிடித்து, விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அந்தப் பக்கம் அடிப்பன் எண்டு எப்பிடித் தெரியும், அண்ணை?"

"எனக்கென்ன தெரியும்? பயத்திலை கண்ணை மூடிக்கொண்டு பாய்ஞ்சனான்."

லெனாட் சிரிக்கத் தொடங்கினான், நிறுத்த முடியவில்லை.

திரும்பும் வழியில் மரியரட்ணத்தோடு அவன் ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்குமுன், மனைவி உதயகலாவையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்திருந்தான்.