இலையோடு வந்த பழங்கள்

இரும்புப் பெட்டியின் மூடிமேல் ஆரஞ்சுத் தோல் காய்கிறது. மார்கழி வெயில். கறுப்புப் பெட்டி. அதில் வெள்ளைப் பெயிண்டில் அப்பாவின் நம்பர், ரேங்க், பெயர். ஹவில்தார் ஏகாம்பரம். பெயரைத் தோல் பாதி மறைத்திருக்கிறது.

அம்மாவின் பெயர் எதிலும் இல்லை. ரேஷன் கார்டில்கூட மாரியம்மாள் என்று எழுதிவைத்தார்கள். அவள் பெயர் மன்மாயா. நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். மன்மாயா.

நேபாளத்து மலைக்காரி. எல்லையோர முகாமில் இருந்த அப்பா அவளைக் கட்டிக்கொண்டு, ரயிலேற்றி, வேலூர் பக்கத்தில் எங்கள் தெருவில் கொண்டுவந்து இறக்கினார். வீட்டுக்கு ஒரு மிலிட்டரிக்காரர் இருக்கிற தெரு. அடுத்த லீவில் உன் அம்மாவைப் பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்றார். அடுத்த லீவு. அதற்கும் அடுத்த லீவு. அம்மா சாகிறவரைக்கும் அந்த லீவு வரவே இல்லை.

அவருக்கு மறுபடியும் அந்தப் பக்கமே போஸ்டிங். மார்கழியில் வருவார். கூடத்தில் பெட்டி திறக்கும். ரம் அவருக்கு. சோப்பு தெருவுக்கு. கம்பளி அத்தைகளுக்கு. அடியில், வைக்கோலுக்குள் ஆரஞ்சு. அது அம்மாவுக்கு.

சிலிகுரி ஸ்டேஷனில் வாங்கினேன் என்பார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அம்மா உடனே உரிக்கமாட்டாள். காம்பைத்தான் பார்ப்பாள். ஒவ்வொரு காம்பிலும் இரண்டு இலை. வழியிலேயே சுருண்டுபோன இலை. அதை முகர்ந்துவிட்டுத்தான் பழத்தை உரிப்பாள்.

ஒருநாள் அடுக்களையில் கேட்டேன், அந்த இலையில் அப்படி என்ன இருக்கிறது என்று. தன் அம்மா பழத்தைக் கையால் பிடுங்கமாட்டாள் என்றாள். மகளுக்கென்றால் இரண்டு இலை விட்டுக் கத்தியால் அறுப்பாளாம். அந்த ஊரில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியென்றால் அந்த ஆள் உன் வீட்டுக்கே போய்வருகிறார், உன்னிடம் மறைக்கிறார், நீ ஏன் வாயைத் திறந்து கேட்கவில்லை?

"கேட்டா பழமும் வராது," என்றாள்.

அப்புறம் ஒரு மார்கழி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. பெட்டி திறந்தது. ரம், சோப்பு, கம்பளி. வைக்கோல். பழம்.

இலை இல்லை. ஒன்றில்கூட இல்லை. அம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கையை விட்டு வைக்கோலைத் துழாவினாள். ஸ்டேஷனில் வாங்கினேன் என்றார் அப்பா. முதல்முறையாக உண்மை சொன்னார், பாவி மனுஷர்.

தன் அம்மா போய்விட்டாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழவில்லை. அழுதால் எதற்கென்று சொல்லவேண்டும்.

அன்று குழம்பில் உப்பில்லை. மறுநாளும் இல்லை. அவர்கள் மலையில் பெற்றவள் செத்தால் மகள் உப்பில்லாமல் சாப்பிட வேண்டும். தெருவுக்கு அது தெரியுமா? மலைக்காரிக்குக் கொழுப்பு என்றார்கள். தன் சோற்றில் மட்டும் உப்பை விட்டிருக்கலாம். அவருக்கும் போடவில்லை.

அப்பா தட்டைத் தூக்கி எறிந்தார். சுவரெல்லாம் குழம்பு. அம்மா துடைத்தாள். வேறு தட்டெடுத்து அதே உப்பில்லாக் குழம்பை ஊற்றினாள். அப்பா அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிசைந்து சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு ஆரஞ்சு வரவில்லை. அம்மா மட்டும் இருந்தாள். இந்தக் கார்த்திகை மழையில் அவளும் போனாள்.

கருமாதிப் படையலுக்கு ஆரஞ்சு வாங்கச் சொன்னார் அப்பா. வாதத்தில் வலதுகை விழுந்த மனுஷர். நாற்காலியில் உட்கார்ந்தபடி தானாகவே ஆரம்பித்தார்.

"பொண்ணு ஏன் வரலன்னு அந்தக் கெழவி ஒவ்வொரு வாட்டியும் கேக்கும். வரமாட்டேன்னுட்டா, உங்களயெல்லாம் மறந்துட்டான்னு சொல்லுவேன். அழுவும். அழுதுட்டு, கத்திய எடுத்துனு போயி பழம் அறுத்துக் குடுக்கும்."

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உண்மையச் சொன்னா வந்து இட்டுனு பூடுவாங்க. எனக்கு யாரு சோறு ஆக்கறது?"

இது அம்மாவுக்குத் தெரியாது. தெரியாமலே போய்ச் சேர்ந்தாள். மலையில் அந்தக் கிழவியோ, மகள் மறந்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டே செத்திருக்கிறாள். மறந்துபோன மகளுக்குத்தான் வருஷா வருஷம் இலையோடு அறுத்திருக்கிறாள்.

சோறு ஆக்கினேன். குழம்பு ஊற்றிப் பிசைந்தேன். ஊட்டினேன். ஒரு வாய் வாங்கியதும் நிறுத்தினார்.

"உப்பு இல்லியே."

"இல்ல."

என்னை நிமிர்ந்து பார்த்தார். அம்மாவைப் பார்த்த அதே பார்வை. தூக்கி எறியக் கை வரவில்லை. அடுத்த வாயை நீட்டினேன். வாயைத் திறந்தார்.

இரும்புப் பெட்டியின் மேல் வெயில். படையல் பழத்தின் தோல் காய்கிறது. மிச்சமிருந்த தோலையும் கொண்டுபோய்ப் பரப்பினேன். அவர் பெயர் முழுசாக மறைந்தது.